வேலையை மாற்றிக்கொள்ளும் விந்தைச் சில்லு!

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் தென்பெண்ணை ஆற்றங்கரையில் இருக்கிறது மணலூர்பேட்டை. தை மாதம் 5-ந் தேதி இங்கே ஆற்றுத் திருவிழா. திருவண்ணாமலையில் இருந்து அண்ணாமலையார் வந்து தீர்த்தவாரி காண்பார். ஆற்று மணலில் மக்கள் வெள்ளம் திரளும்.

அந்த மணலில் சிலிக்கன் என்ற பொருள் அடங்கி இருக்கிறது. சுத்தமான சிலிக்கனில் செய்வதுதான் "சிப்" என்னும் சில்லு. செல்போனுக்கும் கம்ப்யூட்டருக்கும் அதுதான் மூளை.

சில்லின் உள் அமைப்பைத் தொழிற்சாலையிலேயே பதித்துவிடுவார்கள். பிறகு அதை மாற்ற முடியாது. ஆனால், ஒரு வகைச் சில்லு இதற்கு விதிவிலக்கு. அதன் பெயர் எப்.பி.ஜி.ஏ. அதை வாங்கியவரே தன் மேஜையில் வைத்து உள் அமைப்பை மாற்றிக்கொள்ளலாம்!

மடையும் வாய்க்காலும்

"அது எப்படி?" என்று கேட்பீர்கள். ஏரிப் பாசன வயலை நினைத்துப் பாருங்கள். வாய்க்கால்கள் முன்பே வெட்டிக் கிடக்கின்றன. எந்த மடையைத் திறக்கிறோம், எதை அடைக்கிறோம் என்பதைப் பொறுத்துத் தண்ணீரின் வழி மாறுகிறது.

இந்தச் சில்லிலும் அப்படித்தான். வயலுக்குப் பதில் சின்னஞ்சிறு கட்டங்கள். வாய்க்காலுக்குப் பதில் கம்பிகள். மடைக்குப் பதில் மின்சார சுவிட்சுகள். என்ஜினீயர் கம்ப்யூட்டரில் எழுதி அனுப்பும் கட்டளை, அந்த சுவிட்சுகளைத் திறந்து மூடுகிறது. "இன்ன கேள்விக்கு இன்ன விடை" என்ற வாய்ப்பாட்டையும் கட்டங்களில் எழுதிவிடுகிறது.

மின்சாரம் நின்றால், பெரும்பாலான எப்.பி.ஜி.ஏ. சில்லுகள் எல்லாவற்றையும் மறந்துவிடும். ஆகையால், பக்கத்தில் ஒரு நினைவுச் சில்லை வைக்கிறார்கள். மின்சாரம் வந்ததும் அதில் இருந்து மீண்டும் படித்துக்கொள்ளும்.

64-ல் தொடக்கம்

1985-ல் அமெரிக்காவின் சைலிங்ஸ் கம்பெனி முதல் எப்.பி.ஜி.ஏ.வை வெளியிட்டது. கண்டுபிடித்தவர் ராஸ் பிரீமேன். அதில் இருந்த கட்டங்கள் 64.

அதே கம்பெனியின் "ஆர்ட்டிக்ஸ்-7 35டி" என்ற சிறிய சில்லில், இப்போது 20,800 வாய்ப்பாடுகள் இருக்கின்றன! பெருக்கல் கணக்குக்கு என்றே 90 பகுதிகள் உண்டு.

சென்னையின் "சக்தி"

சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் காமகோடி குழுவினர் "சக்தி" என்ற கம்ப்யூட்டர் மூளையை உருவாக்கினார்கள். ஒரு சில்லைத் தொழிற்சாலையில் தயாரிக்கப் பெருஞ்செலவு ஆகும். பல மாதம் பிடிக்கும். அமைப்பில் பிழை இருந்தால் அத்தனையும் பாழ்! எனவே முதலில் எப்.பி.ஜி.ஏ.வில் ஓட்டிப் பார்த்துப் பிழை களைகிறார்கள். 2018-ல் சக்தி சில்லு ஒன்று, நம் நாட்டிலேயே, மொகாலி செமிகண்டக்டர் ஆய்வுக்கூடத்தில் தயாரானது.

செவ்வாயில் இரு வேலை

2021 பிப்ரவரி 18-ந் தேதி "பெர்சிவரன்ஸ்" என்ற அமெரிக்க ஊர்தி செவ்வாயில் இறங்கியது. இறங்கும் இடத்தைப் படம் பார்த்துக் கணிக்க உதவியது ஓர் எப்.பி.ஜி.ஏ. இறங்கிய பிறகு, அதே சில்லை மாற்றி எழுதி, ஊர்தி வழி பார்த்து ஓட உதவும்படி செய்தார்கள். கோடிக்கணக்கான மைலுக்கு அப்பால், சில்லைக் கையால் தொடாமலே!

மாணவர்களுக்கு

தப்பு செய்ய அஞ்சினால் தொழில் படியாது. ஆனால், ஏழை மாணவனின் ஒரு தப்புக்கு யார் பணம் கொடுப்பது? இந்தச் சில்லில் தப்பினால் நஷ்டம் இல்லை; அழித்து எழுதலாம். சில்லு வாங்கவே வசதி இல்லையா? கம்ப்யூட்டரிலேயே ஓட்டிப் பார்க்கும் மென்பொருள்கள் விலையின்றிக் கிடைக்கின்றன.

பிள்ளைகள் கேட்டால், பெற்றோர்களே, தடை சொல்லாதீர்கள்!