சிறைக்குத் தலைவர் யார்? திரும்பி வருபவருக்குப் பொறுப்பு யார்?

ஒலக்கூர் ஒன்றியத்தின் காலனித் தெருக்களில் கடலூர் மத்திய சிறையும் விழுப்புரம் வேடம்பட்டுச் சிறையும் புதிய பெயர்கள் அல்ல. அடிதடி வழக்கு, சாராய வழக்கு, திருவிழாவில் ஊருக்கும் காலனிக்கும் நடந்த தகராறு என்று ஏதோ ஒன்றில் பிள்ளைகள் உள்ளே போகிறார்கள். போகும் நாளில் ஊரே பேசுகிறது. திரும்பி வரும் நாளில் யாரும் பேசுவதில்லை. வந்தவருக்கு யார் வேலை கொடுப்பார்கள், யாரை நம்பி அவர் வாழ்வைத் தொடங்குவார் என்பது அந்த வீட்டின் கவலையாக மட்டும் நின்றுவிடுகிறது.

உலகின் சில நாடுகளில் இந்தப் பொறுப்பைத் தனியார் கம்பெனிகளிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். நம் நாட்டிலும் எல்லாவற்றையும் தனியாரிடம் கொடுத்தால் சரியாகிவிடும் என்ற பேச்சு அடிக்கடி எழுகிறது. ஆகவே அந்தக் கம்பெனிகளுக்குத் தலைமை ஏற்றவர்கள் யார், அவர்கள் என்ன செய்தார்கள் என்பதை நாமும் தெரிந்துகொள்ள வேண்டும்.

சிறை நடத்தும் கம்பெனி

1983ஆம் ஆண்டு அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் மூன்று பேர் சேர்ந்து ஒரு கம்பெனி தொடங்கினார்கள். பெயர் கரெக்ஷன்ஸ் கார்ப்பரேஷன் ஆஃப் அமெரிக்கா. தாமஸ் பீஸ்லி என்பவர் அந்த மாநிலக் குடியரசுக் கட்சியின் தலைவராக இருந்தவர். ராபர்ட் கிராண்ட்ஸ் அவருடைய நண்பர், வழக்கறிஞர். மூன்றாமவர் டான் ஹட்டோ, அரசுச் சிறைத்துறையில் உயர் பதவி வகித்தவர். கட்சிச் செல்வாக்கு, சட்ட அறிவு, சிறை அனுபவம் மூன்றும் ஒரே மேசையில் சேர்ந்தன. காரையும் வீட்டையும் விற்பது போலச் சிறையையும் விற்கலாம் என்ற பொருளில் பீஸ்லி வெளிப்படையாகவே பேசினார்.

ஹட்டோ ஆர்கன்சா மாநிலச் சிறைகளின் பொறுப்பில் இருந்த காலத்தில், அங்கே கைதிகள் நடத்தப்பட்ட விதம் அரசமைப்புக்கு எதிரானது என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1978இல் அந்த வழக்கில் கைதிகள் பக்கமே தீர்ப்பு வந்தது. ஐந்து ஆண்டு கழித்து அதே மனிதர் தனியார் சிறைக் கம்பெனியின் நிறுவனர்களில் ஒருவர். மறு ஆண்டே, 1984இல், ஜார்ஜ் ஜோலி என்பவர் இன்னொரு கம்பெனியைத் தொடங்கினார். அதுதான் இன்றைய ஜியோ குரூப்.

முதல் கம்பெனி 2016இல் கோர்சிவிக் என்று பெயரை மாற்றிக்கொண்டது. சிறை நடத்துவதோடு, விடுதலையானவர்கள் ஊருக்குத் திரும்புமுன் தங்கும் இல்லங்களையும் நடத்துகிறது. ஜியோ குரூப் காலில் மின்னணுப் பட்டை கட்டிக் கண்காணிக்கும் ஒரு கம்பெனியை 2011இல் வாங்கியது. மறுவாழ்வு என்பதும் இவர்களுக்கு ஒரு வியாபாரப் பிரிவுதான்.

2009இல் கோர்சிவிக்கின் தலைமைக்கு வந்த டேமன் ஹினிங்கர் அதே கம்பெனியில் 1992இல் சாதாரணச் சிறைக் காவலராக வேலையில் சேர்ந்தவர். அடிமட்டத்திலிருந்து உயர்ந்தவர் என்பதை மறுக்க முடியாது. ஆனால் தலைவர் எந்த இடத்திலிருந்து வந்தார் என்பதைவிட அவர் யாருக்குக் கணக்குக் காட்ட வேண்டும் என்பதே முக்கியம். கம்பெனித் தலைவர் பங்குதாரர்களுக்குக் கணக்குக் காட்டுகிறார். கைதிகள் குறைந்தால் வருமானம் குறையும். அதனால்தான் அமெரிக்காவில் பல ஒப்பந்தங்களில் 80, 90 சதவீதப் படுக்கைகளை நிரப்பித் தருவதாகவும், நிரம்பாவிட்டாலும் பணம் தருவதாகவும் அரசிடம் எழுதி வாங்கினார்கள். சிறை காலியானால் மக்களுக்கு நல்லது, கம்பெனிக்கு நட்டம். மறுவாழ்வில் இவ்வளவு முரண்பாட்டை வைத்துக்கொண்டு எப்படி நம்புவது?

அரசியல் காற்றும் அவர்களுக்கு முக்கியம். 2021 ஜனவரியில் அதிபர் பைடன், மத்திய நீதித்துறை தனியார் சிறைகளோடு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கக் கூடாது என்று ஆணையிட்டார். 2024 நவம்பரில் டிரம்ப் வென்ற செய்தி வந்ததும் இரண்டு கம்பெனிகளின் பங்கு விலையும் துள்ளி ஏறியது. 2025 ஜனவரியில் பதவியேற்ற நாளிலேயே டிரம்ப் அந்த ஆணையை நீக்கினார். யார் அடைபடப் போகிறார்கள் என்பதைப் பங்குச் சந்தை முன்கூட்டியே கணக்குப் போட்டது.

இங்கிலாந்து கண்ட பாடம்

இங்கிலாந்து இன்னொரு வழியில் போனது. விடுதலையானவர்களைக் கவனிக்கும் நன்னடத்தைக் கண்காணிப்புப் பணியையே 2014இல் பிரித்து, பெரும் பகுதியை 21 தனியார் மறுவாழ்வுக் கம்பெனிகளிடம் கொடுத்தார்கள். மறுபடி குற்றம் செய்பவர்கள் குறைந்தால் கூடுதல் பணம் என்பது திட்டம். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் வருமானம் எதிர்பார்த்தபடி வரவில்லை. அலுவலர் ஒருவர் தலையில் ஏராளமான ஆட்கள் சுமத்தப்பட்டார்கள். நேரில் பார்த்துப் பேச வேண்டியவரிடம் தொலைபேசியில் பேசி முடித்தார்கள். 2019இல் அந்தக் கம்பெனிகளில் சிலவற்றை நடத்திய ஒரு நிறுவனம் திவாலானது. 2021 ஜூனில் அரசு மொத்தப் பணியையும் திரும்ப எடுத்துக்கொண்டது. ஏழே ஆண்டில் கதை முடிந்தது.

நம் மண்ணிலும் நடந்தது

இதெல்லாம் வெளிநாட்டுக் கதை என்று நினைக்க வேண்டாம். குற்றப்பரம்பரைச் சட்டம் 1871இல் வந்தது. 1911இல் திருத்தப்பட்டுச் சென்னை மாகாணத்துக்கும் நீட்டப்பட்டது. பிறந்த சாதியை வைத்தே ஒரு மனிதரைக் குற்றவாளி என்று எழுதிவைத்த சட்டம் அது. அந்த மக்களைத் திருத்துகிறோம் என்று சொல்லிக் குடியேற்றங்களை அமைத்தார்கள். அவற்றில் சிலவற்றின் நிர்வாகம் அரசிடமிருந்து வெளி அமைப்புகளுக்குப் போனது. சால்வேஷன் ஆர்மியின் இந்தியத் தலைவர் பிரெடரிக் பூத் டக்கர் இதில் முன்னின்றார். இவர் முன்பு பிரிட்டிஷ் அரசின் ஐ.சி.எஸ். அதிகாரி. இன்றைய ஆந்திராவில் உள்ள ஸ்டூவர்ட்புரம் அவர்களின் பெயர்பெற்ற குடியேற்றம். அங்கே அடைக்கப்பட்ட எருகுல மக்கள் சீராலா புகையிலைத் தொழிற்சாலைக்குக் குறைந்த கூலி ஆட்களாகப் போனார்கள். வெளியே போக அனுமதிச் சீட்டு, நாள்தோறும் வருகைப் பதிவு. சீர்திருத்தம் என்ற பெயரில் ஆலைக்கு ஆள் கிடைத்தது.

நம் பழைய தென்னார்க்காடு மாவட்டமும் இந்தச் சட்டத்துக்குத் தப்பவில்லை. வேப்பூர்ப் பறையர் என்று பெயரிட்டு ஒரு பகுதி மக்களையே பட்டியலில் சேர்த்தார்கள். உளுந்தூர்பேட்டை அருகே சாலையில் நாம் கடந்துபோகும் அஜீஸ் நகர் என்ற பெயருக்குப் பின்னாலும் இப்படி ஒரு குடியேற்றத்தின் வரலாறு இருக்கிறது. சென்னை மாகாணத்தில் 1947லும், நாடு முழுவதும் 1952லும் சட்டம் ஒழிந்தது. காவல் நிலையப் பார்வையிலிருந்து அது ஒழிந்ததா என்பதைத் திண்டிவனம் வட்டாரத்து இருளர் மக்களிடம் கேட்டால் சொல்வார்கள். பேராசிரியர் கல்யாணி போன்றவர்கள் திண்டிவனத்தை மையமாக வைத்துப் பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கத்தைக் கட்ட வேண்டிவந்ததற்குக் காரணமே, திருட்டு வழக்கு எதுவானாலும் இருளர் குடிசையில் போய்ப் பிடிக்கும் பழக்கம்தான்.

அரசுச் சிறை மட்டும் ஒழுங்கா?

இந்தியாவில் சிறை மாநில அரசின் பொறுப்பு. அரசமைப்பின் ஏழாவது அட்டவணையில் மாநிலப் பட்டியலில் இருக்கிறது. ஆகவே தலைவர் கம்பெனி முதலாளி அல்லர், சட்டமன்றத்துக்குப் பதில் சொல்லும் அமைச்சரும் அவருக்குக் கீழுள்ள சிறைத்துறைத் தலைவரும்தான். அது நமக்கு ஒரு பிடிமானம். ஆனால் அரசு நடத்துவதாலேயே நியாயம் கிடைத்துவிடவில்லை.

2022ஆம் ஆண்டு தேசியக் குற்ற ஆவணக் காப்பகக் கணக்குப்படி நாட்டுச் சிறைகளில் 5,73,220 பேர் இருந்தார்கள். அவர்களில் 4,34,302 பேர் தீர்ப்பே வராத விசாரணைக் கைதிகள். நான்கில் மூன்று பேர். உள்ளே இருப்பவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் பட்டியல் சாதியினர். நாட்டு மக்கள்தொகையில் நம் பங்கு ஆறில் ஒன்றுதான்.

பாளையங்கோட்டைச் சிறையில் கைதிகளைச் சாதிவாரியாகத் தனித்தனிப் பகுதிகளில் அடைத்துவைத்த விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போனது. மோதலைத் தடுக்கத்தான் பிரித்தோம் என்ற அரசின் வாதத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் முன்பு ஏற்றுக்கொண்டிருந்தது. பத்திரிகையாளர் சுகன்யா சாந்தா தொடுத்த வழக்கில் 2024 அக்டோபர் 3 அன்று உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தை நிராகரித்தது. சாதி பார்த்து வேலை பிரிப்பதும், சாதி பார்த்து அடைப்பதும் அரசமைப்புக்கு எதிரானவை என்றது. சிறைப் பதிவேட்டில் சாதிக் கட்டத்தையே நீக்கச் சொன்னது. கழிவறை சுத்தம் செய்ய ஒரு சாதி, சமைக்க ஒரு சாதி என்ற பழைய விதிகளை மாற்ற மூன்று மாதம் கெடு கொடுத்தது. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவும் சிறைப் பார்வையாளர் குழுவும் சேர்ந்து சிறைகளை ஆய்வு செய்ய வேண்டும் என்றும் உத்தரவிட்டது.

நம் மாவட்டப் பார்வையாளர் குழுவில் யார் யார் இருக்கிறார்கள்? கடைசியாக எப்போது போய்ப் பார்த்தார்கள்? தலித் உறுப்பினர், பெண் உறுப்பினர் உண்டா? இதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் செலவில் எந்த மாணவரும் கேட்கலாம். சிறைக்குத் தலைமை என்பது சென்னையில் உள்ள ஒரு நாற்காலி மட்டும் அல்ல. அந்தக் குழுவும் தலைமைதான்.

ஜாமீன் கிடைத்தும் வெளியே வராதவர்கள்

நீதிமன்றம் ஜாமீன் கொடுத்தும் சொத்து காட்டும் ஜாமீன்தார் கிடைக்காமல் உள்ளேயே இருப்பவர்கள் உண்டு. தொகுப்பு வீட்டுக்குப் பட்டா சரியாக இல்லாதவர் எந்த வரி ரசீதைக் கொண்டுபோவார்? 1978லேயே மோத்தி ராம் என்ற கொத்தனார் வழக்கில் நீதிபதி கிருஷ்ணய்யர், ஏழையிடம் பெருந்தொகை ஜாமீன் கேட்பது அநீதி என்று தீர்ப்பளித்தார். அதன்பின் வந்த சில வழிகளை எல்லா வீடும் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 479ஆம் பிரிவின்படி, இதற்கு முன் எந்தக் குற்றத்திலும் தண்டனை பெறாதவர், வழக்கில் உள்ள குற்றத்துக்கு உரிய அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கு காலத்தை விசாரணைக் கைதியாகவே கழித்துவிட்டால் அவரை விடுவிக்க வேண்டும். மற்றவர்களுக்குப் பாதிக் காலம். மரண தண்டனை, ஆயுள் தண்டனைக்குரிய வழக்குகளுக்கும், ஒன்றுக்கு மேற்பட்ட வழக்கு உள்ளவர்களுக்கும் இது பொருந்தாது. நீதிமன்றத்துக்கு எழுத வேண்டிய கடமை சிறைக் கண்காணிப்பாளருக்கே உண்டு. பழைய வழக்குகளுக்கும் இது பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 2024 ஆகஸ்டில் கூறியிருக்கிறது.

ஜாமீன் கிடைத்து ஏழு நாளில் வெளியே வராதவர் பற்றிச் சிறை அதிகாரி சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 2023 ஜனவரி உத்தரவு. ஒரு மாதம் ஆகியும் ஜாமீன் பத்திரம் கொடுக்க முடியாவிட்டால் நிபந்தனையைத் தளர்த்துவது பற்றி நீதிமன்றமே தானாக யோசிக்கலாம். 2023இல் தொடங்கிய மத்திய அரசின் ஏழைக் கைதிகள் உதவித் திட்டத்தில் ஜாமீனுக்கும் அபராதத்துக்கும் பண உதவி உண்டு. சிலவகை வழக்குகளுக்கு மட்டும் விலக்கு. பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் காவலில் உள்ள எவருக்கும் வருமான வரம்பு பாராமல் இலவச வழக்கறிஞர் கிடைப்பார். தொலைபேசி எண் 15100.

திரும்பி வந்த பிறகு

வெளியே வந்தவருக்குக் கைகொடுக்க மாவட்டத்தில் நன்னடத்தை அலுவலர் இருக்கிறார். விடுதலை பெற்ற சிறைவாசிகள் உதவிச் சங்கம் என்ற ஒன்றும் தமிழ்நாட்டில் இயங்குகிறது. சிறைத்துறையே பெட்ரோல் பங்குகள் நடத்திக் கைதிகளுக்கு வேலை தருகிறது. 2023இல் புழலில் பெண் கைதிகளே நடத்தும் பங்க் திறக்கப்பட்டது. இவை நல்ல தொடக்கங்கள். ஆனால் புழலில் பெட்ரோல் போட்டவர் ஒலக்கூருக்கு வந்ததும் கரும்பு வெட்டவோ செங்கல் சூளைக்கு முன்பணம் வாங்கிக்கொண்டு குடும்பத்தோடு போகவோதான் முடிகிறது என்றால், சிறைக்குள் கற்ற தொழில் சிறை வாசலோடு நின்றுவிடுகிறது. முன்பணம் வாங்கிய சூளை அவருக்கு இரண்டாவது சிறை.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். கைதிக்கு விடுப்போ முன்விடுதலையோ கொடுக்குமுன் ஊரில் விசாரித்து அறிக்கை கேட்பார்கள். விசாரணை ஊர்த் தெருவோடு முடிந்துவிட்டால், அங்கே பகையுள்ளவர்கள் சொல்வதே அறிக்கையாகிவிடும். அதிகாரி காலனிக்கும் வந்து கேட்க வேண்டும் என்று நாம்தான் வற்புறுத்த வேண்டும். அம்பேத்கர் மன்றமும் மகளிர் குழுவும் ஊராட்சி உறுப்பினரும் சேர்ந்து நாங்கள் பொறுப்பு என்று எழுதிக் கொடுத்தால் அதற்கு மதிப்பு உண்டு. வந்தவரை ஊரக வேலை அட்டையில் சேர்ப்பதும், ரேஷன் அட்டையில் பெயர் நீங்கியிருந்தால் மீட்பதும், அவர் பிள்ளையின் படிப்பு நிற்காமல் பார்ப்பதும் பெரிய செலவு பிடிக்கும் வேலைகள் அல்ல.

கம்பெனிக்காரர் வந்து நம் பிள்ளைகளைத் திருத்துவார் என்று காத்திருந்த நாடுகள் கையைச் சுட்டுக்கொண்டன. நூறாண்டுக்கு முன்பே இந்த மண் அதைப் பார்த்துவிட்டது. அரசிடம் கேட்க வேண்டியதைச் சட்டப்படி கேட்போம். படித்த பிள்ளைகள் இந்த வாரமே செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு: தெருவில் யார் வீட்டுப் பிள்ளை உள்ளே இருக்கிறார், எத்தனை மாதமாக, ஜாமீன் கிடைத்ததா இல்லையா என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். எழுதிய பட்டியலைத் திண்டிவனம் வட்டச் சட்டப் பணிகள் குழுவிடம் கொண்டுபோய்க் கொடுத்து, கொடுத்ததற்கு ஒப்புகைச் சீட்டு வாங்கி வாருங்கள்.