வயலில் விட்டது கடலில் தெரியும்

கொள்ளிடத்துல வெள்ளம் வந்தா, ஏலாக்குறிச்சிக் கரையில நின்னு பார்க்கிறது எங்க ஊர்ப் பழக்கம். கலங்கலா ஓடுற தண்ணியைப் பார்த்து, "எல்லாம் பழையாறு பக்கம் கடலுக்குப் போயிடும்"னு சொல்லிட்டுத் திரும்பிடுவோம். கடலுக்குப் போனதுக்கும் கணக்கு உண்டு. வங்கியில் பேரேடு பார்த்தே ஓய்வு பெற்றவன் என்பதால், அந்தக் கணக்கைத் தேடிப் படித்தேன்.

ஆற்று நீரில் உப்பு மிகக் குறைவு, எடையும் குறைவு. அதனால் கடல்நீரின் மேல் போர்வைபோலப் பரவுகிறது. ஆராய்ச்சிக் கப்பல் அந்தப் போர்வைக்குக் குறுக்கே போய், இடத்துக்கு இடம் நின்று தண்ணீர் எடுக்கும். உப்பையும் வெப்பத்தையும் அளக்கும் கருவியைச் சுற்றி நீண்ட குப்பிகளைக் கட்டி, வாய் திறந்தபடியே இறக்குவார்கள். மேலே தூக்கும்போது வேண்டிய ஆழத்தில் ஒவ்வொன்றாக மூடிக்கொள்ளும். கடல்நீர் ஒரு கிலோவில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கும். அது குறையக் குறைய ஆற்றின் பங்கு அதிகம் என்று பொருள். பிறகு நைட்ரேட், பாஸ்பேட், பாசியின் பச்சையம், ஆக்சிஜன் எல்லாம் பார்ப்பார்கள்.

2001 ஜூலை, ஆகஸ்டில் சாகர் கன்யா கப்பல் வங்கக்கடலில் இப்படி அளந்தது. ஆறும் மழையும் தந்த நன்னீர் மூடிபோல மேலே கிடப்பதால், காற்றால் அடிநீரைக் கலக்கி மேலே கொண்டுவர முடியவில்லை என்று தேசிய கடலியல் நிறுவன விஞ்ஞானிகள் கண்டார்கள்.

அந்த மூடியோடு உரமும் சேர்ந்து வந்தால்? மிசிசிப்பி ஆறு சேரும் மெக்சிகோ வளைகுடாவில் 1985 முதல் கோடையில் கப்பலில் போய் அளக்கிறார்கள். வயல்களிலிருந்து வரும் தழைச்சத்தில் பாசி கொழிக்கிறது. அது செத்து அடியில் அழுகும்போது ஆக்சிஜன் தீர்கிறது. மேலே மூடி இருப்பதால் புதிதாக இறங்குவதும் இல்லை. 2017இல் அந்த மூச்சற்ற பரப்பு 22,700 சதுர கிலோமீட்டருக்கும் மேல்.

படிச்சதும் சுருக்குனு இருந்துச்சு. பயிர்க்கடன்ல உரத்துக்குன்னு தொகை எழுதினவன் நான். அதுல எவ்வளவு பயிருக்குப் போச்சுன்னு ஒருநாளும் கேட்டதில்லை. நிலத்துக்கு வந்த புதுசுல நானும் யூரியா போட்டேன். மறுநாளே மழை கொட்டி, வடிகால்ல போயிடுச்சு. என் காசு போச்சுன்னு மட்டும்தான் அன்னைக்கு நினைச்சேன்.

இயற்கை விவசாயம்தானேன்னு நாமும் நிம்மதியா இருந்துட முடியாது. திறந்தவெளியில் கொட்டிய சாணமும் மழையில் கரைந்து ஓடும். அதனால் குப்பையை மேட்டில் சேர்த்து, ஓலை போட்டு மூடுகிறேன். வடிகால் வாயில் ஒரு குழி வெட்டி, அதில் தங்கும் வண்டலை வயலுக்கே திருப்புகிறேன். வெறும் மண் தெரியாமல் மூடாக்கு போடுகிறேன்.

அடுத்த மழையில உங்க வடிகால் தண்ணியை ஒரு கண்ணாடி பாட்டில்ல பிடிச்சு ராத்திரி முழுக்க வச்சுப் பாருங்க. அடியில தங்குறது உங்க மேல்மண். கரைஞ்சுபோன சத்து கண்ணுக்குத் தெரியாது. அது கப்பல்காரங்க கணக்குலதான் தெரியும்.