ரோபோ விளையாட்டும் கணிமைச் சிந்தனையும்

ஒரு வேலையைச் சிறு படிகளாகப் பிரித்து, வரிசைப்படுத்தி, தானாக யோசிக்கத் தெரியாத எந்திரமும் செய்து முடிக்கும்படி சொல்லும் திறனே கணிமைச் சிந்தனை ஆகும். 2006-இல் ஜெனட் விங் எழுதிய கட்டுரைக்குப் பின் இச்சொல் பரவலானது. தொடக்கப்பள்ளிக் குழந்தைகளுக்கு இதைக் கற்பிக்க ரோபோ விளையாட்டுகள் பயன்படுகின்றன.

ஆமையில் தொடங்கியது

1967-இல் சீமோர் பேப்பர்ட், சிந்தியா சாலமன், வாலி ஃபூர்சைக் ஆகியோர் குழந்தைகளுக்காக லோகோ என்னும் நிரல்மொழியை உருவாக்கினர். பின்னர் அதன் கட்டளைப்படி தரையில் ஊர்ந்து, பேனாவால் கோடு இழுக்கும் ரோபோ ஒன்று வந்தது. அதற்கு ஆமை என்று பெயர். வட்டம் வரையத் தெரியாத குழந்தையை, ஆமையாகத் தன்னை எண்ணி நடந்து பார்க்கச் சொல்வது பேப்பர்ட்டின் முறை. ஓரடி முன்னே, சற்றுத் திரும்பு, மீண்டும் ஓரடி. நடந்து முடிக்கும்போது கட்டளையும் கிடைத்துவிடும்.

குழந்தைகள் தடுமாறும் இடங்கள்

இன்று பல நாட்டு வகுப்பறைகளில் உள்ள பீ-பாட், முதுகில் பொத்தான்கள் கொண்ட தேனீ வடிவப் பொம்மை. ஒருமுறை முன்னே என்றால் 15 செ.மீ. நகரும், திரும்பு என்றால் நின்ற இடத்திலேயே 90 பாகை திரும்பும்.

தடுமாற்றம் இங்கேதான் வருகிறது. கடை இரண்டு கட்டம் முன்னே, ஒரு கட்டம் வலப்புறம் இருப்பதாகக் கொள்வோம். முன்னே, முன்னே, வலம் என்று அழுத்திவிட்டுக் குழந்தை காத்திருக்கும். பொம்மையோ கடையைப் பார்த்துத் திரும்பி நின்றுவிடும். இன்னொரு 'முன்னே' வேண்டும் என்பது அப்போதுதான் புலப்படும். பொம்மை தன்னை நோக்கி வரும்போது இடமும் வலமும் மாறிப்போவது அடுத்த குழப்பம். பழைய கட்டளைகளை அழிக்க மறந்தால் அவற்றையும் சேர்த்தே அது ஓடும்.

அரைகுறையாகச் சொன்னாலும் ஆசிரியர் புரிந்துகொள்வார். பொம்மை சொன்னதை மட்டுமே செய்யும். எந்தப் படி தவறியது என்று குழந்தையே தேடுவதுதான் வழுநீக்கம். சிவப்பு மையும் இல்லை, திட்டும் இல்லை.

ரோபோ இல்லாத பள்ளியில்

தமிழக அரசின் டி.என். ஸ்பார்க் திட்டம் 6-ஆம் வகுப்பிலிருந்தே தொடங்குகிறது. அடல் ஆய்வகங்களும் 6-ஆம் வகுப்பிலிருந்துதான். கீழ் வகுப்புகளுக்குக் கருவி வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. புதுக்கோட்டை மாவட்டம் வல்லத்திராக்கோட்டை போன்ற ஊர்களில் பாண்டி ஆடக் கட்டம் போடத் தெரியாத பிள்ளை ஏது?

சுண்ணக்கட்டியால் ஐந்துக்கு ஐந்து கட்டம் வரைந்து, ஒரு குழந்தை ரோபோ ஆகலாம். மற்றொன்று கட்டளைச் சீட்டுகளை அடுக்கலாம். மூன்றாவது, தவறிய சீட்டைக் கண்டுபிடிக்கலாம். விதி ஒன்றே: ரோபோ சொந்தமாக யோசிக்கக் கூடாது. இதைக் காப்பதுதான் கடினம். தோழி தோற்கக் கூடாதென்று ரோபோப் பிள்ளை தானாகவே சரியான பக்கம் திரும்பிவிடும்; வழுவும் மறைந்துவிடும். ஆகவே ரோபோ ஆகும் குழந்தைக்குச் சேர வேண்டிய இடத்தைச் சொல்லாமல் இருப்பது நல்லது.

சீட்டுகள் நீண்டுகொண்டே போனால், 'முன்னே' என்று நான்கு சீட்டு வைப்பதற்குப் பதில் 'முன்னே 4' என்று ஒரே சீட்டில் எழுதலாமா என்று யாராவது கேட்பார்கள். நிரலாக்கத்தில் மடக்கு எனப்படுவது அதுவே.