பெருங்குடல் பரிசோதனைக்கு முன் குடலைத் தூய்மை செய்தல்

பேதிக்குச் சாப்பிடுவது நமது நாட்டுப்புறத்தாருக்குப் புதிய செய்தியன்று. விடியற்காலையில் விளக்கெண்ணெய் அருந்தி, அன்றைய பொழுதை ரசமும் சோறுமாகக் கழிக்கும் வழக்கம் முதியோர் பலருக்கு இன்றும் நினைவிருக்கும். ஆதலின், மலத்தில் இரத்தம் போகிறதென்றோ, காரணமின்றி உடல் இளைத்துச் சோகை கண்டதென்றோ மருத்துவமனைக்குச் செல்லும் ஒருவரிடம், "குடலைச் சுத்தம் செய்துகொண்டு பரிசோதனைக்கு வாருங்கள்" என்று கூறினால், அவர் அதனைப் பெரிதாக எண்ணுவதில்லை. கொடுத்த மருந்தில் பாதியை அருந்தி மீதியை வைத்துவிடுவோர் உண்டு. அதற்கு ஈடாகக் கடையில் வேறொன்றை வாங்கி அருந்துவோரும் உண்டு. முதலாவது செயலால் பரிசோதனை வீணாகும். இரண்டாவதால் உடலுக்கே ஊறு நேரலாம். இத்தூய்மைக்கு வழங்கும் மருந்துகள் எவை, அவற்றுள் வேறுபாடு யாது, யாருக்கு எது பொருந்தும் என்பவற்றை இக்கட்டுரையில் விளக்க முற்படுகிறோம்.

பரிசோதனையின் பயன்

பெருங்குடல் ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் நீளமுள்ளது. நுனியில் ஒளியும் படக்கருவியும் பொருந்திய, வளையக்கூடிய குழாயை ஆசனவாய் வழியே செலுத்தி, அதன் உட்சுவர் முழுவதையும் மருத்துவர் பார்வையிடுகிறார். இதுவே கொலோனாஸ்கோபி எனப்படும் பரிசோதனை. 1969-ஆம் ஆண்டில் நியூயார்க் நகரத்தில் டாக்டர் ஹிரோமி ஷின்யாவும் டாக்டர் வில்லியம் உல்ஃபும் இக்குழாயின் வழியாகவே குடலில் வளர்ந்திருந்த சதை முளையை வெட்டி எடுத்துக் காட்டினர். அன்று முதல் இது நோயைக் கண்டறியும் கருவியாக மட்டுமின்றி, நோயைத் தடுக்கும் கருவியாகவும் விளங்கி வருகிறது. பெருங்குடற் புற்றுநோயிற் பெரும்பாலானவை சிறு சதை முளைகளாகத் தொடங்கிப் பல ஆண்டுகள் கழிந்த பின்னரே புற்றாக மாறுகின்றன. முளையிலேயே கண்டு களைந்துவிட்டால் நோய்க்கு இடமில்லை.

ஆனால் குடலின் சுவரில் மலம் படிந்திருந்தால், அதன்கீழ் மறைந்துள்ள முளை எத்தகைய கருவிக்கும் புலப்படாது. பரிசோதனைக்கு வருவோரில் நூற்றுக்கு இருபது முதல் இருபத்தைந்து பேர் வரை போதிய தூய்மையின்றி வருவதாக மேனாட்டு மருத்துவர்கள் கணக்கிட்டுள்ளனர். அத்தகையோர் மீண்டும் மருந்து அருந்தி, மீண்டும் வர நேரிடுகிறது. நகரத்தில் வாழ்வோருக்கு அது தொல்லை மட்டுமே. ஐம்பது கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து துணைக்கு ஒருவரை அழைத்துக்கொண்டு வரும் கூலித் தொழிலாளிக்கோ அது இருவரின் இரண்டு நாட் கூலி. "போதும், இனி வேண்டாம்" என்று அவர் திரும்பி வராமலே இருந்துவிடுவதும் உண்டு. அவர் குடலில் முளை இருந்தால் அது வளர்ந்துகொண்டேயிருக்கும்.

இருவகை மருந்துகள்

நறுக்கிய மாங்காயில் உப்பைப் பிசறி வைத்தால் சிறிது நேரத்தில் ஜாடியின் அடியில் நீர் தேங்குவதை நம் வீட்டுப் பெண்மணிகள் அறிவர். உப்பு மாங்காயிலிருந்து நீரை வெளியே இழுக்கிறது. குடலைத் தூய்மை செய்யும் மருந்துகளில் ஒருவகை இவ்வாறே தொழிற்படுகிறது. செறிந்த உப்பு குடலுக்குட் சென்று, உடலிலுள்ள நீரையே குடலுக்குள் இழுத்து, அந்நீரால் மலத்தைக் கழுவுகிறது. அருந்தவேண்டிய மருந்தின் அளவு குறைவு. ஆனால் கழுவுநீரைத் தருவது நமது உடலே.

மற்றொருவகை மருந்தை, கரை நீரை உறிஞ்சாமலும் கசிய விடாமலும் இருக்கும் வாய்க்காலுக்கு ஒப்பிடலாம். மேலே விட்ட நீர் அவ்வளவும் கடைமடைக்குச் சென்று சேருகிறது. இவ்வகையில் நாம் அருந்தும் நீரே குடலைக் கழுவி வெளியேறுகிறது. உடலிலிருந்து எடுப்பதும் இல்லை. உடலுக்குக் கொடுப்பதும் ஏறக்குறைய இல்லை. அதற்கேற்ப, அருந்தவேண்டிய அளவு மிகுதி.

இவ்விரு வகைகளையும் வேறுபடுத்தி அறிந்துகொண்டால் ஏனைய செய்திகள் எளிதில் விளங்கும்.

நீர் மிகுந்த கரைசல்

டெக்சாஸ் மாநிலத்து டாலஸ் நகரில் டாக்டர் ஜான் ஃபோர்ட்ரானும் அவருடன் பணியாற்றியவர்களும் 1980-இல் ஒரு கரைசலை வெளியிட்டனர். பாலிஎதிலீன் கிளைகால் என்னும் பொருளும் சில உப்புகளும் அளவறிந்து சேர்க்கப்பெற்றது அது. அப்பொருளின் மூலக்கூறுகள் பெரியனவாதலால் குடல் அவற்றை உறிஞ்சுவதில்லை. நீரையும் தம்மோடு பிடித்து வைத்துக்கொள்கின்றன. உப்புகளின் அளவு உடலோடு ஒத்திருப்பதால் நீரிழப்பும் உப்புக் குறைவும் அரிதாகவே நேர்கின்றன. அதற்கு முன்னர் நோயாளிகள் இரண்டு மூன்று நாட்கள் நீருணவிலே இருந்து, விளக்கெண்ணெய் போன்ற பேதி மருந்தும் எனிமாவும் எடுத்து நலிவுற நேர்ந்தது.

இக்கரைசலின் குறை அதன் அளவும் சுவையுமே. தொடக்கத்தில் நான்கு லிட்டர் அருந்தவேண்டியிருந்தது. உவர்ப்பும் வழவழப்பும் கலந்த அச்சுவையில் நான்கு லிட்டரை முடிப்பது எளிதன்று. இப்பொழுது, மலச்சிக்கல் போன்ற இடர்ப்பாடு இல்லாத பெரும்பாலோருக்கு இரண்டு லிட்டர் முறையே போதுமெனக் கண்டுள்ளனர். நெடுநாள் மலச்சிக்கல் உள்ளோருக்கும், முன்னர் ஒருமுறை சரியாகத் தூய்மையாகாதோருக்கும் கூடுதலான அளவு தேவைப்படலாம். வைட்டமின் சி சேர்த்து நீரின் அளவைக் குறைத்த வகையும் உண்டு.

இருதயம், சிறுநீரகம், ஈரல் ஆகியவற்றில் நோயுள்ளவர்களுக்கும் முதியோருக்கும் பொதுவாக மருத்துவர்கள் தேர்ந்தெடுப்பது, வைட்டமின் சி சேராத இக்கரைசலையே. சுவையற்றது என்பதற்காக இதனை ஒதுக்குதல் முறையன்று. குளிரவைத்து, பத்துப் பதினைந்து நிமிடத்திற்கு ஒரு குவளை வீதம் அருந்தினால் குமட்டல் குறையும்.

அளவு குறைந்த மருந்துகள்

சோடியம் பைகோசல்பேட்டும் மக்னீசியம் சிட்ரேட்டும் சேர்ந்த தூள் இவற்றுள் ஒன்று. முதலாவது, பெருங்குடலிலுள்ள நுண்ணுயிர்களால் மாற்றமடைந்து குடற்சுவரைத் தூண்டுகிறது. இரண்டாவது, மாங்காயில் இட்ட உப்பைப் போல நீரை இழுக்கிறது. ஒவ்வொரு வேளைக்கும் மருந்து ஒரு சிறு குவளையே. ஆயினும் அதன்பின் நீர்ப்பொருள்களை மிகுதியாக அருந்தவேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். வெறும் தண்ணீரையே குடம் குடமாகக் குடித்தால் இரத்தத்திலுள்ள உப்பின் அளவு தாழ்ந்து மயக்கமும் வலிப்பும் நேரக்கூடும். பிள்ளைகளின் வயிற்றுப்போக்குக்கு நாம் கொடுக்கும் உப்புச் சர்க்கரைக் கரைசல் போன்றவற்றையும் சேர்த்து அருந்துதல் நலம். சிறுநீரகம் மிகவும் பழுதுற்றோர் மக்னீசியத்தை வெளியேற்ற இயலாதாகையால், அவர்களுக்கு இம்மருந்து ஆகாது.

சோடியம், பொட்டாசியம், மக்னீசியம் ஆகியவற்றின் சல்பேட்டுகள் சேர்ந்த நீர்மருந்து மற்றொன்று. 2010-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. நன்கு தூய்மை செய்வது. இதற்கும் பின்னர்த் தண்ணீர் அருந்துவது இன்றியமையாதது. சிறுநீரகம், இருதயம் பற்றிய எச்சரிக்கை இதற்கும் உண்டு.

விலக்கத்தக்கவை

சோடியம் பாஸ்பேட் என்னும் மருந்து ஒரு காலத்தில் மிகவும் விரும்பப்பட்டது. இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் 45 மில்லி லிட்டர் அருந்தினால் போதும். இவ்வெளிமையே அதன் புகழுக்குக் காரணம். பின்னர், இதனை அருந்திய சிலருடைய சிறுநீரகங்களில் கால்சியம் பாஸ்பேட் படிந்து அவை செயலிழந்தமை தெரியவந்தது. 2008 டிசம்பரில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் இதற்குக் கடுமையான எச்சரிக்கை விதித்தது. ஐரோப்பிய உள்நோக்கு மருத்துவச் சங்கமும் இதனை வழக்கமாகப் பயன்படுத்தலாகாது என்று அறிவுறுத்தியுள்ளது. முதியோர், நீரிழப்புற்றோர், மூட்டுவலிக்கு நாள்தோறும் வலி மாத்திரை விழுங்குவோர், சிலவகை இரத்த அழுத்த மாத்திரைகள் உட்கொள்வோர் ஆகியோருக்கே இத்தீங்கு மிகுதி. வயலில் நாளெல்லாம் குனிந்து நிமிர்ந்து, இரவில் வலி மாத்திரையுடன் படுக்கும் நம் உழவர் பலர் இப்பட்டியலில் அடங்குவர் என்பதை நாம் மறத்தலாகாது.

மானிட்டால் என்னும் சர்க்கரைப் பொருளும் முன்னர் வழங்கியது. குடலிலுள்ள நுண்ணுயிர்கள் அதைப் புளிக்கச் செய்து, தீப்பற்றும் ஹைட்ரஜன் வாயுவை உண்டாக்குகின்றன. மின்கருவியால் சதை முளையை வெட்டும்போது அவ்வாயு வெடித்து ஒருவர் உயிரிழந்த செய்தி 1979-இல் மருத்துவ ஏட்டில் வெளியாயிற்று. விளக்கெண்ணெயோ, கடையிற் கேட்டு வாங்கும் பேதி மாத்திரையோ தாமாகவே இப்பரிசோதனைக்குப் போதுமான தூய்மையைத் தருவதில்லை.

பாதி இரவில், பாதி காலையில்

எம்மருந்து சிறந்தது என்பதைப் போலவே, அதனை எப்பொழுது அருந்துவது என்பதும் இன்றியமையாதது. மருந்து முழுவதையும் முந்திய மாலையிலேயே முடித்துவிட்டால், இரவு முழுவதும் சிறுகுடலிலிருந்து பித்தம் கலந்த நீர் வடிந்து, பெருங்குடலின் தொடக்கப் பகுதியான வலப்புறத்தில் மீண்டும் படிகிறது. எளிதில் தென்படாத தட்டையான முளைகள் மிகுதியாகத் தோன்றுவதும் அப்பகுதியிலேதான். எனவே, பாதியை முந்திய மாலையிலும் எஞ்சிய பாதியைப் பரிசோதனை நாளிலும் அருந்தும் முறையே சிறந்ததென உலகெங்கும் ஒப்புக்கொள்ளப்பட்டுள்ளது. இரண்டாம் பகுதியைப் பரிசோதனைக்கு நான்கு முதல் ஆறு மணி நேரத்திற்கு முன் தொடங்கி, குறைந்தது இரண்டு மணி நேரத்திற்கு முன் முடித்துவிட வேண்டும். அதன்பின் தண்ணீரும் அருந்தலாகாது. வயிற்றில் நீர் இருந்தால் மயக்க மருந்து கொடுக்கும்போது அது மூச்சுக் குழலுட் புகக்கூடும்.

இங்கேதான் கிராமத்தாருக்கு ஓர் இடர்ப்பாடு எழுகிறது. காலை ஒன்பது மணிக்குப் பரிசோதனை என்றால், விடியும் முன்னரே இரண்டாம் பகுதியை அருந்தவேண்டும். அடுத்த சில மணி நேரம் கழிப்பிடத்தை விட்டு அகல இயலாது. அந்நேரத்தில் பேருந்தில் ஏறுவது எங்ஙனம்? இவ்வச்சத்தினாலேயே பலர் காலைப் பகுதியை விட்டுவிடுகின்றனர். சொல்ல நாணித் தாமே மறைத்தும் விடுகின்றனர். இதற்கு வழி உண்டு. நாள் குறிக்கும்போதே, தாம் வரும் தொலைவையும் பேருந்து நேரத்தையும் மருத்துவமனையில் கூறிப் பிற்பகல் நேரம் கேட்கலாம். பிற்பகற் பரிசோதனைக்கு மருந்து முழுவதையும் அன்று காலையிலேயே அருந்தும் முறையும் ஏற்கத்தக்கதே. அல்லது முந்திய இரவே நகரத்தில் உறவினர் இல்லத்திலோ, இசைவு பெற்று மருத்துவமனையிலோ தங்கலாம். வீட்டில் கழிப்பிடம் இல்லாத முதியவர் இரவில் இருட்டில் வெளியே சென்று தலைசுற்றி விழ இடமுண்டு. அன்று அவருக்குத் துணையும் விளக்கும் தேவை.

உணவும் முன்னறிவிப்பும்

முந்திய நாளில் சக்கை குறைந்த உணவு போதும். இட்லி, வெள்ளைச் சோறு, வடிகட்டிய ரசம் ஆகியவை ஏற்றவை. கீரை, வாழைத்தண்டு, முருங்கைக்காய், கேழ்வரகு, கம்பு, பயறு வகைகள், விதையுள்ள கொய்யா, மாதுளை, தக்காளி ஆகியவற்றை விலக்கவேண்டும். மருந்து தொடங்கிய பின் தெளிந்த நீர்ப்பொருள்களே: பால் சேராத தேநீர், வடிகட்டிய எலுமிச்சம்பழச் சாறு, இளநீர் முதலியன. சிறுநீரக நோயாளிகள் பொட்டாசியம் மிகுந்த இளநீரை மருத்துவரைக் கேட்காமல் அருந்தலாகாது. சிவப்பு நிறச் சர்பத்து குடலில் இரத்தம் போலத் தோன்றுமாகையால் அது வேண்டா.

சிறுநீரகம், இருதய நோய் உண்டா, நீரிழிவுக்கு மாத்திரையோ ஊசியோ எடுக்கிறோமா, இரத்தம் உறையாதிருக்க மருந்து உட்கொள்கிறோமா, வலி மாத்திரை வழக்கமா என்பவற்றை முன்கூட்டியே கூறவேண்டும். உணவின்றி நீரிழிவு மருந்தை வழக்கம்போல் எடுத்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழும். இரத்த மருந்தைத் தாமாக நிறுத்துவதும் ஆபத்தே. இரும்புச்சத்து மாத்திரை குடலைக் கருமையாக்குமாதலால் அதனைச் சில நாட்களுக்கு முன்னரே நிறுத்தச் சொல்வர். சிறுநீரக நோய் பெரும்பாலும் வெளியே தெரிவதில்லை. ஓர் இரத்தப் பரிசோதனையால் அதனை அறியலாம். வயிறு உப்பிக் கடுமையாக வலித்தாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ மருந்தை நிறுத்தி உடனே மருத்துவரை நாடவேண்டும்.

இறுதியாக வெளியேறுவது மலமாக இல்லாமல், தெளிந்த மஞ்சள் நிற நீராக இருந்தால் தூய்மை நிறைவுற்றது என்று கொள்ளலாம். கலங்கலாக இருந்தால் பரிசோதனைக்கு முன்னரே அதனைச் செவிலியரிடம் சொல்லிவிட வேண்டும். இதில் நாணுவதற்கு ஒன்றுமில்லை.

மருந்துச் சீட்டுடன் ஊர் திரும்பும் ஒருவரைக் கிராம சுகாதாரச் செவிலியரும், எழுதப் படிக்கத் தெரிந்த இளைஞரும் சந்தித்து, எத்தனை மணிக்கு எவ்வளவு அருந்தவேண்டும் என்பதைப் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தால் அதுவே பேருதவியாகும். அருந்த வேண்டியதை அருந்த வேண்டிய நேரத்தில் முழுவதும் அருந்தியவர் ஒருமுறை சென்றாலே போதும். அவர் செலவழித்த பேருந்துக் கட்டணமும் இழந்த கூலியும் வீண்போகா.