உஷ்ணமானிகளும் அவற்றின் உபயோகமும்

பால் உற்பத்திச் சங்கங்களில் லாக்டோமீட்டர் என்னும் பால்மானியால் பாலைச் சோதிப்பது வழக்கம். பால் சூடாயிருந்தால் விரிந்து அதன் அடர்த்தி குறையும். பால்மானி சற்று ஆழமாக அமிழும். ஆகவே, அப்பொழுதே கறந்த கலப்பற்ற பாலும் நீர் கலந்ததுபோல் தோன்றக்கூடும். பாலின் உஷ்ணத்தை அளந்து கணக்கைத் திருத்தாவிடில், குற்றமற்ற அங்கத்தினர் விலையையும் நற்பெயரையும் ஒருங்கே இழக்க நேரும். கை விரலால் சூட்டை மதிப்பது இதற்குப் போதாது, உஷ்ணமானியே வேண்டும். ஆயினும் ஒரே உஷ்ணமானி எல்லா வேலைக்கும் உதவாது.

ஜுரமானி: இது மனித உடலுக்கென்றே அமைந்தது. பாதரசம் நிறைந்த பழைய வகையில் குமிழுக்கு மேலே குழாய் மிகக் குறுகியிருக்கும். அதனால் ஏறிய பாதரசம் தானே இறங்காது, உதறியே இறக்கவேண்டும். சுமார் 35 முதல் 42 டிகிரி சென்டிகிரேடு வரையே இதில் அளவு உண்டு. சூடான பாலிலிட்டால் உடைந்துபோம். பாதரசம் விஷமாதலால், 2013-இல் ஏற்பட்ட மினமாட்டா உடன்படிக்கைக்குப் பின் பல தேசங்கள் இதனை விலக்கி வருகின்றன. இதற்குப் பதிலாக, மின்கலத்தால் இயங்கி எண்ணாகக் காட்டும் ஜுரமானி நன்கு பயன்படும்.

சாராய உஷ்ணமானி: சாயமேற்றிய சாராயம் உள்ளது; விலை குறைவு. பாதரசம் உறையும் குளிரிலும் இது வேலை செய்யும். சாராயம் 78 டிகிரியில் கொதிப்பதால் மிகுந்த சூட்டை அளக்க ஏற்றதன்று.

உச்ச நீச உஷ்ணமானி: ஒரு நாளின் மிகுந்த சூட்டையும் மிகுந்த குளிரையும் குறித்து வைக்கும். பட்டுப்புழு வளர்க்கும் அறைக்கும் விதைக் கிடங்கிற்கும் உகந்தது.

கதிர் உஷ்ணமானி: தொடாமலே அளக்கும். ஆனால் மேற்பரப்பின் சூட்டையே காட்டும். பளபளக்கும் உலோகப் பாத்திரத்தில் தவறாகக் காட்டும்.

பாலுக்கென அமைந்த நீண்ட உஷ்ணமானியைப் பாலை நன்கு கலக்கியபின் அமிழ்த்திப் பார்க்கவேண்டும். பாலை 63 டிகிரியில் 30 நிமிஷம் வைத்திருந்தால் நோய்க் கிருமிகள் மடியும். உஷ்ணமானி உள்ளதைவிட மூன்று டிகிரி கூடுதலாகக் காட்டினால், கிருமிகள் பிழைத்திருக்கும். எல்லார் பாலும் ஒரே கலத்தில் சேர்வதால் தீங்கும் எல்லாரையும் சாரும்.

கருவியைச் சோதித்தல் எளிது. பொடித்த பனிக்கட்டியைச் சிறிது நீருடன் கலந்து, அதில் குமிழைச் சில நிமிஷம் வைத்தால், பூஜ்யம் வரை குறியிடப்பட்ட கருவி பூஜ்யத்தையே காட்டவேண்டும். பிழை இருப்பின் அதை விலக்குக. அங்கத்தினர் முன்னிலையில் இச்சோதனையை அவ்வப்போது நடத்தினால், சங்கத்தின் அளவையில் அனைவர்க்கும் நம்பிக்கை நிலைபெறும்.