சாரா சிடன்ஸ்: விடாமுயற்சிக்கு ஒரு புதிய சான்று

‘விடாமுயற்சி’ என்று கட்டுரைத் தலைப்பு வந்தால் பலரும் எடிசனைத்தான் எழுதுறீங்க. இந்த முறை பிரிட்டிஷ் நாடக நடிகை சாரா சிடன்ஸை எடுத்துக்கொள்ளுங்கள்.

1755இல் வேல்ஸில், ஊர் ஊராகப் போய் நாடகம் போடும் கெம்பிள் குடும்பத்தில் பிறந்தவர். 1775 இறுதியில் லண்டன் ட்ரூரி லேன் அரங்கில் மேடையேறினார், நடிப்பு எடுபடவில்லை. மறு ஆண்டே வேலை போயிற்று. ஆறு ஆண்டுகள் பாத் முதலிய வெளியூர் அரங்குகளில் உழைத்தார். 1782இல் அதே ட்ரூரி லேனுக்குத் திரும்பினார், லண்டனே கொண்டாடியது.

1785இல் அங்கே லேடி மேக்பெத்தாக நடித்தார். தூக்கத்தில் நடக்கும் காட்சியில் மெழுகுவர்த்தியைக் கையிலேயே வைத்திருப்பது அதுவரை வழக்கம். சிடன்ஸ் அதைக் கீழே வைத்தார். அரங்க நிர்வாகி ஷெரிடன் வேண்டாம் என்று சொல்லியும் கேட்கவில்லை. ஏன்? இல்லாத இரத்தக் கறையைக் கழுவ இரண்டு கையும் வேணுமே! 1812இல் அவர் விடைபெற்ற இரவு, அந்தக் காட்சி முடிந்ததும் ரசிகர்கள் நாடகத்தைத் தொடரவே விடவில்லை.

மாணவர்களே, ‘கடுமையாக உழைத்தார்’ என்று மட்டும் எழுதினால் போதாது. மெழுகுவர்த்தியைச் சொல்லுங்கள்; உழைப்பு எப்படிப்பட்டது என்று அதிலேயே தெரிந்துவிடும்.