மாடியில் ஹாம் ரேடியோ டவர்: புயல் காற்றுக்குத் தாங்குமா?

2011 டிசம்பர் 30-ல் கரையைக் கடந்த தானே புயல், கடலூர் மாவட்டத்தில் முந்திரி, பலா மரங்களை வேரோடு சாய்த்தது. செல்போன் கைவிடும் இந்த மாதிரி நேரத்தில்தான் ஹாம் ரேடியோவுக்கு மவுசு. 2004 சுனாமியில் அந்தமானிலிருந்து தகவல் அனுப்பிக் கொடுத்தது ஹாம் ஆபரேட்டர்கள்தான். ஆனா, அதுக்கு டவர் நிற்கணுமே!

வடலூரில் மாடி வீட்டோடு டவரை இணைப்பவர்கள் கவனிக்க வேண்டியது இதுதான்: காற்றின் வேகம் இரண்டு மடங்கானால், டவர் மீதான அழுத்தம் நாலு மடங்காகும். கைப்பிடிச் சுவரில் கிளாம்ப் அடித்தால் முதலில் பெயர்வது செங்கல்தான். கான்கிரீட் பீமில் போல்ட் போட்டு, மூன்று பக்கமும் ஸ்டே கம்பி இழுத்துக் கட்டணும். மின்னலுக்குப் போடும் எர்த் கம்பி, வீட்டு எர்த்தோடும் இணைந்திருக்கணும். டவர் சாய்ந்தாலும் மின்கம்பியில் விழக்கூடாது. அந்த இடைவெளி இல்லாத வீட்டில் டவரே வேண்டாம். மாடியில் இழுத்துக் கட்டும் சாதாரண ஒயர் ஆன்டெனா போதும்.